பத்தாம் நிலையும் பெரட்டுக் களமும்

இணைய விளையாட்டில் ஒரு பாத்திரம் 'புதியவன்' என்ற தொடக்க நிலையை விட்டுப் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறுவதை விளையாடுகிறவர்கள் 'ஜாப் மாத்துறது' என்று சொல்வார்கள். வெளியே நின்று பார்க்கிறவருக்கு அது பொம்மைக்குச் சட்டை மாற்றுவது போலத்தான் தெரியும். ஆனாலும் அந்த ஒரு மாற்றத்துக்காக ஒரே வகை நத்தையையும் காளானையும் மணிக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்க லட்சக்கணக்கான இளைஞர்கள் மனமுவந்து உட்கார்ந்தார்கள். இதைப் போதை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. பரிசு பெரிதாக இருப்பதால் மட்டும் அவர்கள் உழைக்கவில்லை. உழைப்பு எந்த இடத்தில், எந்த விலைக்கு, எந்தத் தகுதியாக மாறும் என்பது முதல் நாளிலேயே அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த விலை ஆளுக்கு ஆள் மாறுவதும் இல்லை. இது எவ்வளவு அரிதான ஏற்பாடு என்று அளந்து பார்க்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மலேசியாவின் கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே சுங்கை பஞ்சாங் வரை நீளும் தோட்டப் பகுதியின் நூறாண்டு வரலாறே போதும். நாள்தோறும் எண்ணி, நிறுத்து, பதிவு செய்யப்பட்ட உழைப்பு, உழைத்தவருக்கு ஒரு தகுதியாக மாறாமலே போன வரலாறு அது.

முதலில் விளையாட்டின் ஏற்பாட்டைப் பார்ப்போம். கொரியாவில் 2003-இல் வெளிவந்த மேப்பிள்ஸ்டோரி, 2005-இல் மேப்பிள்சீ என்ற பெயரில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. சிறு பட்டணத்து சைபர் கஃபேக்களில் ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது. அதன் தொடக்க கால விதிகளின்படி எல்லோரும் ஒரு சின்னத் தீவில் ஒன்றுமில்லாதவர்களாகப் பிறந்து, கப்பலேறிப் பெரிய தீவுக்குப் போவார்கள். 10ஆம் நிலையை எட்டியவர் பெரியன் என்ற மலையூருக்குப் போனால் போர்வீரன் ஆகலாம், ஹெனிசிஸுக்குப் போனால் வில்லாளி, கெர்னிங் சிட்டிக்குப் போனால் திருடன். மந்திரவாதிக்கு மட்டும் 8ஆம் நிலையே போதும். 30ஆம் நிலையில் இரண்டாவது வாசல். குரு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புவார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு தனி அறைக்குள் விடுவார்கள். அங்கே 30 கருங்கோலிகளைச் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தால், நேற்றுவரை வெறும் போர்வீரனாக இருந்தவன் வாளையோ ஈட்டியையோ நம்பி ஒரு கிளையைத் தேர்ந்தெடுப்பான். 70ஆம் நிலையில் எல் நாத் என்ற பனியூரில் இரண்டு சோதனைகள். முதலில் தன் சொந்தக் குருவின் நிழலுருவோடு சண்டையிட்டு வென்று வர வேண்டும். பிறகு பனிவெளியில் இருக்கும் ஒரு புனிதக் கல் கேட்கும் ஐந்து கேள்விகளுக்கும் தவறில்லாமல் விடை சொல்ல வேண்டும். வலிமைக்கு ஓர் அத்தாட்சி, அறிவுக்கு ஓர் அத்தாட்சி. நான்காவது வாசல் 120-இல்.

அதே காலத்தில் பரவிய இன்னொரு கொரிய விளையாட்டான ரக்னராக் ஆன்லைன், 2002-இல் வந்தது. அது இதைவிடக் கண்டிப்பானது. அதன் அன்றைய உச்ச வகுப்புகளுக்குப் போக விரும்புகிறவர் 99ஆம் நிலையைத் தொட்டாக வேண்டும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை அது. பிறகு அறிஞர்களின் நகரமான ஜூனோவுக்குப் போய் 12,85,000 செனி காணிக்கை கட்ட வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான நிபந்தனை வரும்: கையில் ஒரு காசு இருக்கக் கூடாது, முதுகில் ஒரு பொருளின் பாரம்கூட இருக்கக் கூடாது. அப்படி வெறுங்கையோடு போகிறவரை ஒரு தேவகன்னி மறுபடியும் 1ஆம் நிலைக்கு அனுப்பிவிடுவாள். அவர் மீண்டும் புதியவர். அடுத்த முறை அவர் ஏறி வரும்போது மட்டும், மற்றவர்களுக்கு எட்டாத ஒரு வகுப்பு அவருக்குத் திறந்திருக்கும். இது கொரியர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1988-இல் ஜப்பானில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் 3-லும் 20ஆம் நிலையில் ஒரு கோயிலுக்குப் போய்த் தொழிலை மாற்றலாம். மாற்றியவுடன் நிலை 1-க்கு இறங்கிவிடும், வலிமை பாதியாகிவிடும், கற்ற மந்திரம் மட்டும் கூடவே வரும். மேசைமேல் பகடை உருட்டி விளையாடிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978ஆம் ஆண்டு விதிநூலில் பாணன் ஆக விரும்புகிறவர் முதலில் போர்வீரனாகவும் பிறகு திருடனாகவும் காலம் கழித்திருக்க வேண்டும்.

இந்த உதாரணங்கள் எல்லாவற்றிலும் மூன்று குணங்கள் பொதுவாக இருக்கின்றன. விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. விலையைக் கட்டியவரை வாசற்காவலன் முகம் பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. மூன்றாவது குணத்தைப் பலர் கவனிப்பதில்லை: உள்ளே போகிறவர் எதையாவது இழந்துதான் போகிறார். போர்வீரனானவன் இனி மந்திரம் சொல்லப் போவதில்லை. ரக்னராக்கில் பிறரைக் குணப்படுத்துவதற்கென்றே வளர்ந்த பாதிரி தனியாக ஒரு பூதத்தை வீழ்த்தத் தடுமாறுவார். அவருக்கு முன்னால் நிற்க ஒரு வீரர் வேண்டும், அந்த வீரருக்கோ அவருடைய வைத்தியம் வேண்டும். சிறப்பு வகுப்பு ஒருவருக்கு வலிமையைத் தருகிறது என்பது பாதி உண்மைதான். மற்றவர் அவரைத் தேடி வரும்படியான ஒரு தேவையையும் அது உண்டாக்குகிறது. தகுதி என்பது அந்தத் தேவைதான்.

இனி தோட்டத்துக்கு வருவோம். பத்தாங் பெர்ஜுந்தாய் என்று முன்பு அழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தெனமாரம் தோட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே 1917-இல் அங்கேதான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். இந்த நாட்டைப் பற்றிய நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். நாவலாசிரியருக்குப் பரிசு கிடைத்தது, செம்பனைக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது. அந்தக் காட்டை வெட்டித் திருத்தியவர்களின் பெயர்கள் செக்ரோல் என்ற கூலிப் பேரேட்டோடு போய்விட்டன. கோல சிலாங்கூர் மாவட்டம் பால்மரமும் செம்பனையுமாக இருந்தது. வடக்கே சபாக் பெர்ணம் மாவட்டத்துக்குள், தஞ்சோங் காராங் தாண்டி சுங்கை பஞ்சாங், சுங்கை பெசார் பக்கம் போகப்போக நெல்வயலும் தென்னையும் சிறு உடைமைக்காரர்களின் நிலமும் கலந்துவிடும். நிலம் மாறினாலும், தமிழர் கூலிக்கு நின்ற தோட்டங்களில் ஆளை அடுக்கிய முறை மாறவில்லை.

மேலே துரை, அவருக்குக் கீழே சின்ன துரை, பிறகு கிராணிமார் என்ற எழுத்தர்கள், பிறகு கங்காணி அல்லது மண்டோர், எல்லோருக்கும் அடியில் பால் வெட்டுகிறவர்களும் புல் வெட்டுகிறவர்களும். பார்வைக்கு இது ஏணி. ஆனால் இதில் படிக்கும் படிக்கும் நடுவே ஏறுவதற்கான வழி கிடையாது. துரை கப்பலில் வந்தார். கிராணி ஆங்கிலம் படித்தவர். பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையாள நாட்டிலிருந்தோ வந்தவர். கங்காணி, ஊருக்குப் போய் ஆள் பிடித்து வந்தவர். தான் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களைக் கணக்கிட்டு அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒவ்வோர் அடுக்குக்கும் வெவ்வேறு நுழைவாயில். அத்தனையும் தோட்டத்துக்கு வெளியே இருந்தன. இருபது வருடம் பால் வெட்டியவர் இருபத்தோராம் வருடம் கிராணி ஆவதற்கு எத்தனை மரம் வெட்டியிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடையாது. அப்படி ஒரு கேள்வியையே அந்த அமைப்பு அனுமதிக்கவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயமும் கிராணி வீடும் தனித்தனி, பின்னாளில் தொழிற்சங்கமும் தனித்தனி. 1954-இல் பி. பி. நாராயணன் தலைமையில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் தொழிலாளர்கள் இருந்தார்கள், தோட்ட அலுவலர்களுக்கு வேறு சங்கம் இருந்தது.

கடைசி அடுக்கில் இருந்தவர்களிடம் தேர்ச்சி இல்லை என்று சொன்னால் இந்த அமைப்பை ஓரளவு நியாயப்படுத்திவிடலாம். பால்வெட்டை அருகில் போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நிரையைப் பிரித்து வாங்கிக்கொண்டு, ஐந்நூறு மரம் வரை ஒரு காலையில் வெட்டி முடிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டின் ஓரத்தைப் பிடித்து, ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவில், ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புக்குப் பட்டையைச் சீவ வேண்டும். கத்தி ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் பட்டைக்குள் இருக்கும் வளர்படை காயப்பட்டு, அந்த இடம் முடிச்சு விழுந்து, அடுத்த சுற்றில் வெட்ட முடியாமல் போகும். அதாவது ஒரு நல்ல பால்வெட்டுக்காரர் இன்றைய பால் கோப்பையை நிரப்புகிறார், பல ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் பட்டையையும் காப்பாற்றுகிறார். 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் சிலாங்கூரிலேயே சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் வைத்து இந்த வெட்டின் சரிவையும் இடைவெளியையும் அறிவியலாக ஆராய்ந்தது. அதே வெட்டைத் தினமும் செய்தவரை அன்றைய இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டம் தேர்ச்சியற்ற தொழிலாளி என்று வகைப்படுத்தியது. உதவியோடு நடந்த குடிபெயர்வை 1938-இல் இந்திய அரசு தடை செய்ததும் அந்த வகையினருக்குத்தான். ஆய்வு செய்தால் அது அறிவியல், வெட்டினால் அது கூலிவேலை. நிலைப்புள்ளி ஏறிக்கொண்டே இருந்தது. ஜாப் மட்டும் மாறவில்லை.

இந்தத் தடையைத் தொழிலாளர்கள் உணராமலும் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய தோட்ட வேலைநிறுத்தங்களைக் கூலிப் போராட்டம் என்றே வரலாறு பெரிதும் நினைவில் வைத்திருக்கிறது. கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தால் கூலி உயர்வோடு கூடவே பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை மூடல், கொடுமை செய்யும் அலுவலர்களை நீக்குதல் என்று வரிசை நீள்கிறது. அவற்றுள் ஒன்று: துரையையோ ஆசிய அலுவலர்களையோ வழியில் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிள் வாங்கும் அளவுக்குச் சேர்த்துவிட்டவன், அதில் உட்கார்ந்தபடி கிராணியைக் கடந்து போக முடியாது. சேமிப்பு பொருளாக மாறலாம், தகுதியாக மாறக் கூடாது என்பதுதான் அந்த வழக்கத்தின் பொருள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. சைக்கிள் கோரிக்கையைச் சில்லறை விஷயம் என்று கடந்து போகிற வரலாற்றாசிரியர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். தோட்டத்தில் யாருமே மேலே வரவில்லையா? லயத்தில் பிறந்து ஆசிரியரானவர், வழக்கறிஞரானவர், மருத்துவரானவர், சங்கத் தலைவரானவர் எத்தனை பேர்! உண்மைதான். ஆனால் அவர்கள் ஏறிய வழியைக் கவனிக்க வேண்டும். பால்வெட்டு அவர்களை ஏற்றவில்லை, பள்ளிக்கூடம் ஏற்றியது. அதுவும் அவர்களுடைய தாய் தகப்பனின் உழைப்பு, பிள்ளையைத் தோட்டத்துக்கு வெளியே அனுப்பப் பயன்பட்டபோது. அந்தப் பள்ளி வழியும் லேசானதல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-இன் தொழிலாளர் சட்டம் சொன்னது, பள்ளியும் வந்தது. ஆனால் அது தொடக்கப் பள்ளியோடு நின்றது. மேலே போக ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. பின்னாளில் மலாய் வழி இடைநிலைப்பள்ளி வந்தபோதும், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த ஏராளமான பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. மேலே போவதற்கு முன் கீழே இறங்கு என்று ரக்னராக்கும் சொல்கிறது. அங்கே இறங்கி ஏறியவருக்கு யாருக்கும் எட்டாத வகுப்பு கிடைக்கிறது, இங்கே ஓராண்டு இழந்து ஏறியவருக்கு மற்றவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வகுப்பு கிடைத்தது. கங்காணியின் கதையும் இப்படித்தான்: தொழிலாளியாக வந்து கங்காணியானவர்கள் உண்டு, ஆனால் அவர்களை உயர்த்தியவை ஊரில் இருந்த செல்வாக்கும் சாதியும் துரையின் நம்பிக்கையும். இவற்றுக்கு எந்த வாசலிலும் விலை எழுதி ஒட்டவில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. விளையாட்டின் இந்த நேர்மையே ஒரு தந்திரம் அல்லவா? சிகாகோவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் தானே வேலை பார்த்து ஆய்வு செய்த மைக்கேல் புராவாய், 1979-இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் காட்டினார்: துண்டுக்கூலியின் இலக்கை எட்டுவதைத் தொழிலாளர்கள் ஒரு விளையாட்டாக ஆடுகிறார்கள், ஆடுவதன் மூலமே அந்த அமைப்புக்குச் சம்மதமும் கொடுத்துவிடுகிறார்கள். இணைய விளையாட்டுகளை ஆராய்ந்த நிக் யீ, 2006-இல் எழுதிய கட்டுரையில், வாரத்துக்குச் சராசரி 20 மணி நேரம் விளையாடுகிறவர்கள் பொழுதுபோக்கு என்ற பெயரில் வேலைக்குப் பழக்கப்படுத்தப்படுகிறார்கள் என்று வாதிட்டார். இருவரையும் நான் மறுக்கவில்லை. மேப்பிள்ஸ்டோரியில் 29-இலிருந்து 30-க்கு ஏறுவது சலிப்பான வேலைதான். ஆனால் இவர்கள் விவரிப்பது நிலை ஏறுவதை, வகுப்பு மாறுவதை அல்ல. நிறுவையில் இன்று நேற்றைவிட அதிகப் பால் காட்டிய பால்வெட்டுக்காரரும் புராவாயின் விளையாட்டை ஆடியவர்தான். நாளை மறுபடி அதே நிரைக்குத்தான் அவர் போனார். சலிப்பான உழைப்பைச் சம்மதத்தோடு வாங்கிக்கொள்வது இரண்டு இடத்துக்கும் பொது. வேறுபாடு, அந்த உழைப்பு சேர்ந்து சேர்ந்து ஒருநாள் வேறொன்றாக மாறுமா என்பதில் இருக்கிறது. தோட்டமும் தந்திரம்தான் செய்தது. முப்பதாம் நிலையே இல்லாத தந்திரம்.

பணத்தை வைத்து வருகிற மறுப்பை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. மேப்பிள்ஸ்டோரி இலவசம் என்றாலும் அதற்குள் கடை இருந்தது; அனுபவப் புள்ளியை இரட்டிப்பாக்கும் அட்டை அங்கே விற்பனைக்கு இருந்தது. தொடக்கத்தில் பணம் வேகத்தைத்தான் வாங்கியது. அட்டை வாங்கியவரும் கருங்கோலிகளைத் தாமேதான் பொறுக்க வேண்டும். பிறகு 2010-இல் 'பிக் பேங்' என்ற பெரும் புதுப்பிப்பு வந்து நிலையேற்றத்தை வெகுவாகச் சுலபமாக்கியது. ஆட்கள் குறையாமல் பார்த்துக்கொள்ள நிறுவனத்துக்கு அது தேவைப்பட்டிருக்கும். பழைய ஆட்டக்காரர்களில் பலர் இன்றுவரை அதைக் குறையாகப் பேசுகிறார்கள். வெறும் பழங்காலப் பெருமை என்று அதை ஒதுக்கிவிடலாமா? வாசலின் விலை விழுந்தபோது, உள்ளே இருந்தவர்களைத் தேடி வரும் தேவையும் விழுந்தது. இது என் வாதத்துக்கு எதிரான சான்றாகத் தோன்றலாம். நான் இதை ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன். விதியை எழுதியது நிறுவனம், நாளை அது மாற்றலாம். ஆனால் மாற்றினால் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடுகிறது, எதிர்க்க முடிகிறது. எழுதாத விதியை மாற்றினால் யாருக்குத் தெரியும்?

ஒரே தொழிலில் ஆளைப் பூட்டிவிடுவது நல்லதா என்றும் கேட்கலாம். ரக்னராக் இதற்கு ஒரு வேடிக்கையான பதில் வைத்திருக்கிறது. எந்த வகுப்பையும் ஏற்காமல் 45ஆம் நிலை வரை புதியவனாகவே இருந்து காட்டுகிறவருக்கு 'சூப்பர் நோவிஸ்' என்றொரு தனி வகுப்பு உண்டு. முதற்படி வகுப்புகள் அனைத்தின் திறனையும் அவர் கற்கலாம், எதிலும் உச்சத்துக்குப் போக முடியாது. அதாவது தேர்ந்தெடுக்க மறுப்பதும் அங்கே ஒரு தேர்வாக மதிக்கப்பட்டு, அதற்கும் ஒரு வாசல் வைக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் பால் வெட்டி, புல் வெட்டி, உரம் போட்டு, பால்மரம் போனபின் செம்பனைக் குலை அறுக்கவும் பழகிக்கொண்ட 'எல்லா வேலையும் தெரிந்த' ஆளுக்குக் கிடைத்த பெயர் பொதுத் தொழிலாளி. அவரையும் தொடும் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம்கூடத் தீபகற்ப மலேசியாவில் 2013-இல்தான், அன்று மாதம் 900 ரிங்கிட்டாக, நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் உழைப்பைத் தகுதியாக மாற்றும் வாசல் நிஜ உலகில் சாத்தியமே இல்லையா? மலேசியாவில் அது இருக்கிறது; பேசுவோர்தான் குறைவு. 2006-இன் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டம், திறன் சான்றிதழ்களை ஐந்து நிலைகளாக வகுத்தது. முதல் மூன்று நிலைகள் மலேசியத் திறன் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது ஒரு வழி. தொழிற்சாலையிலேயே வேலை செய்துகொண்டு பயில்வது இன்னொரு வழி. மூன்றாவது வழிக்குப் 'பெங்ஙிக்திராஃபான் பென்சாபாயான் தெர்டஹுலு' என்று பெயர்: முன்பே பெற்ற தேர்ச்சியை அங்கீகரித்தல். வகுப்பறைக்குப் போகாமல், பல ஆண்டு வேலை செய்து கற்றதற்கான ஆதாரங்களைக் கோப்பாகத் திரட்டிக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் பார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பார்கள். விலை எழுதி ஒட்டப்பட்ட வாசல் இது. கட்டியவரை முகம் பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே இதன் நோக்கம். விளையாட்டு எழுத்தாளர்கள் பொழுதுபோக்குக்காகக் கண்டுபிடித்த ஏற்பாட்டுக்கு இணையான ஒன்றை அரசு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் கோப்பில் வைக்க ஆதாரம் வேண்டும். விளையாட்டில் ஒவ்வொரு நத்தைக்கும் கணினி கணக்கு வைக்கிறது. ஆட்டக்காரர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தோட்டமும் அப்படித்தான் கணக்கு வைத்தது: யார் பெரட்டுக்கு வந்தார், எத்தனை மரம், எத்தனை கிலோ பால், பாலின் அடர்த்தியை அளக்கும் மெட்ரோலாக் எவ்வளவு காட்டியது. அந்தக் கணக்கு நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானபோது லயத்தோடு பேரேடும் போனது. தொழிலாளியின் பெயரில் மிஞ்சியிருப்பது 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் கணக்கு. எத்தனை மாதம், எத்தனை வெள்ளி என்பதை அது சொல்லும், என்ன வேலை தெரியும் என்பதைச் சொல்லாது. ஆகவே இந்த மூன்றாவது வழி வடசிலாங்கூர்த் தோட்டங்களில் மிஞ்சியிருப்பவர்களுக்கும், அங்கிருந்து தொழிற்சாலைக்கும் லாரிக்கும் போனவர்களுக்கும் உண்மையாகவே திறக்க வேண்டுமானால், முதலாளி கையெழுத்திட்ட கடிதத்தை எதிர்பார்க்காமல், உடன் வேலை செய்தவர்களின் சாட்சியத்தையும் செய்து காட்டுவதையும் முதன்மை ஆதாரமாக ஏற்க வேண்டும். கத்தியைக் கையில் கொடுத்து ஒரு மரத்துக்கு முன்னால் நிறுத்தினால், வெட்டுப்பட்டை ஒன்றரை மில்லிமீட்டரா இல்லையா என்பதைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.